முகப்பின் இரு பக்கம்: துரித உணவகத்தில் யார் யாரிடம் எப்படி நடந்துகொள்வது?

(பலர் மாறி மாறி எழுதிய உரையாடல் இது. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

கல்லா ஓரம்

துரித உணவக முகப்பில் ஆர்டர் எடுப்பதும் பணம் வாங்குவதும் என் வேலை. வாடிக்கையாளர்கள் நன்றி சொல்வதில்லை என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. நன்றி இல்லாமலும் வேலை நடக்கும். எனக்கு விளங்காத விஷயம் வேறு. மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் பணியாளரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற அதே மனிதர், எங்கள் முகப்புக்கு வந்தால் காதில் தொலைபேசியை வைத்தபடி, தலைக்கு மேலிருக்கும் பட்டியலை நோக்கி "இரண்டு, பெரியது" என்று மட்டும் சொல்கிறார். எது இரண்டு, எது பெரியது என்று திருப்பிக் கேட்டால் எரிந்து விழுகிறார். நீட்டிய என் கையில் பணத்தைத் தராமல் பலகையில் வீசுகிறவர்களும் உண்டு.

எங்கள் பக்கம் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். ரசீதைத் தள்ளிவிட்டு, எதிரில் நிற்பவர் பணப்பையை மூடுவதற்குள் "அடுத்தவர்!" என்று குரல் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் பரவலாக இருக்கிறது. ஒரு நிமிடம்கூட நீடிக்காத இந்தச் சந்திப்பில் இரு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது எது என்பதே என் கேள்வி.

நேர்கோடு

வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பேசுகிறேன். துரித உணவகத்துக்கு நான் போவது உறவாடுவதற்காக அல்ல. பசிக்கிறது, நேரம் குறைவு. கேட்டதைச் சரியாகவும் விரைவாகவும் கொடுத்தால் அதுவே எனக்குப் போதுமான மரியாதை. என் பங்குக்கு நானும் வரிசையில் நிற்கும்போதே என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறேன், பணத்தையோ அட்டையையோ கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன், சொல்ல வேண்டியதைத் தெளிவாக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முகப்புக்கு வந்த பிறகுதான் அண்ணாந்து பட்டியலைப் படிக்கத் தொடங்கி, பின்னால் நிற்பவர்களையெல்லாம் காக்கவைத்து, கடைசியில் தேனொழுக நன்றி சொல்லிவிட்டுப் போகிறவரைவிட நான் மரியாதை குறைந்தவன் என்று யாரேனும் சொன்னால் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் செய்த வரவேற்பு வாசகத்தை என்னை நோக்கி ஒப்பிக்கும்போது எனக்கு எரிச்சலே வருகிறது. அதில் கேட்கிற நானும் இல்லை, சொல்கிற அவரும் இல்லை.

பழைய மேலாளர்

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முகப்பின் இரு பக்கமும் நிற்பவர்களின் நடத்தையைப் பெருமளவு தீர்மானிப்பவர் அந்த இடத்திலேயே இல்லாத மூன்றாமவர், அதாவது அந்த வேலையை வடிவமைத்தவர் என்பதை இருவரும் பேசாமல் விட்டுவிட்டீர்கள்.

1948-இல் மெக்டொனால்டு சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரிலிருந்த தங்கள் உணவகத்தைச் சில மாதங்கள் மூடி, முற்றிலும் மாற்றியமைத்துத் திறந்தார்கள். கார்களுக்கே சென்று பரிமாறிய பணியாளர்களை நீக்கினார்கள். பட்டியலை ஒன்பது பொருட்களாகச் சுருக்கினார்கள். தட்டும் கரண்டியும் போய்க் காகிதம் வந்தது. சமையலறை, ஒவ்வொருவரும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிற்சாலை வரிசையாக மாறியது. வாடிக்கையாளர் தாமே சாளரத்துக்கு நடந்துவந்து கேட்டு, தாமே வாங்கிச்சென்று, மிச்சத்தைத் தாமே குப்பையில் போட வேண்டும். பரிமாறுபவரின் பாதி வேலை அன்றே வாடிக்கையாளரின் கைக்கு மாறிவிட்டது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். கல்லா ஓரம் கேட்கும் வேறுபாட்டுக்குக் காரணம் இதில் இருக்கிறது. மேசையில் அமர்ந்தவர் தம்மை விருந்தினராக உணர்கிறார். அந்த உணர்வுக்கு ஏற்ற நடத்தை அவருக்குத் தானாக வருகிறது. முகப்பில் நிற்பவரை நாங்கள் விருந்தினராகவும் நடத்துவதில்லை, கூட வேலை செய்கிறவராகவும் மதிப்பதில்லை. தாம் யார் என்று தெரியாத இடத்தில் மனிதர்கள் பெரும்பாலும் கரடுமுரடாகவே நடந்துகொள்கிறார்கள்.

அடுத்தது கடிகாரம். காரில் இருந்தபடியே ஆர்டர் சொல்லி வாங்கிச்செல்லும் வாகனச் சாளரம் உள்ள கடைகள் பலவற்றில், கார் வந்து நின்றதும் உணரி (சென்சார்) அதைக் கண்டுகொண்டு நொடிகளை எண்ணத் தொடங்கிவிடும். அந்த எண்ணிக்கை உள்ளே ஒரு திரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடும். இலக்கைத் தாண்டினால் நிறம் மாறும். நாளின் முடிவில் சராசரி மேலிடத்துக்குப் போகும், ஷிஃப்ட்டை நடத்தியவரிடம் விளக்கம் கேட்கப்படும். "சற்று முன்னால் சென்று ஓரமாக நிறுத்துங்கள், கொண்டுவந்து தருகிறோம்" என்று சொல்லும்போது, தம்மை ஒதுக்கிவிட்டதாகப் பலர் கோபப்படுகிறார்கள். பின்னால் ஒரே ஒரு பானம் கேட்டிருப்பவர் உங்கள் பெரிய ஆர்டருக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது அதற்கு நியாயமான காரணம். நீங்கள் சாளரத்தை விட்டு நகர்ந்தால் உங்கள் கணக்கில் ஓடும் கடிகாரம் நின்றுவிடும் என்பது அவ்வளவு நியாயமில்லாத காரணம். இரண்டும் உண்மைதான்.

சாளரத்தில் பையை நீட்டும் பெண் உங்கள் நன்றிக்குப் பதில் சொல்லாவிட்டால், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நொடியில் அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்செட்டில் அடுத்த காரின் ஆர்டர் ஒலித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் ஆர்டர் சொல்லும் இடத்திலுள்ள ஒலிவாங்கி, பணியாளர் "சற்றுக் காத்திருங்கள்" என்று சொன்ன பிறகு நீங்கள் காருக்குள் பேசுவதையும் பெரும்பாலும் உள்ளே கொண்டுவந்துவிடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எங்களைப் பற்றி நீங்கள் குடும்பத்தாரிடம் சொன்ன கருத்துகளை ஹெட்செட் அணிந்த அனைவரும் கேட்டிருப்போம்.

ஏட்டுச்சுரை

பழைய மேலாளர் சொன்ன வடிவமைப்பைச் சமூகவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-இல், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, முகத்தையும் உணர்ச்சியையும் நிறுவனத்தின் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வதே சம்பளத்துக்குச் செய்யும் ஓர் உழைப்பு என்று காட்டினார். அதை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். விமானப் பணிப்பெண் கனிவைக் காட்ட வேண்டியிருக்கிறது, கடன் வசூலிப்பவர் கடுமையைக் காட்ட வேண்டியிருக்கிறது. மனத்தில் இல்லாததை முகத்தில் மட்டும் வரவழைப்பது ஒரு வகை. மனத்தையே பழக்கி உண்மையாக உணரச் செய்வது இன்னொரு வகை. இரண்டுக்கும் விலை உண்டு என்பது அவர் வாதம்.

துரித உணவகத்துக்கு இன்னும் நெருக்கமானது ராபின் லைட்னரின் ஆய்வு. முகப்பில் தாமே நின்று வேலை பார்த்து, 1993-இல் அதை வெளியிட்டார். எழுதிக் கொடுத்த வாசகம் பணியாளரை இயந்திரமாக்குகிறது என்பதுதான் நாம் எளிதில் வந்து சேரும் முடிவு. அவர் அங்கே நிற்கவில்லை. கடுகடுப்பான வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது அந்த வாசகம் பணியாளருக்குக் காப்பாகவும் அமைகிறது என்றார். திட்டு விழுவது வாசகத்தின் மேல். சொல்பவர் அதன் பின்னால் தம்மை மறைத்துக்கொள்ளலாம்.

நேர்கோடு

அப்படியானால் அந்தக் காப்பையும் நானே விலை கொடுத்து வாங்கிக் கேட்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள்! வேடிக்கையாகச் சொன்னேன். ஆனால் கேள்வி உண்மையானது. மனத்தில் இல்லாத புன்னகையைக் கேட்டு வாங்குவது நிறுவனம். அதைப் பெறுகிறவன் நான். எனக்கு அது வேண்டவும் வேண்டாம். இந்த ஏற்பாட்டால் யாருக்கு நன்மை?

கல்லா ஓரம்

நேர்கோடு, உங்களைப் போன்றவர்கள் முகப்புக்கு வருவது எங்களுக்கு நிம்மதி. இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. நாங்கள் சோர்ந்துபோவது பேசாதவர்களால் அல்ல. ஆர்டரைப் பாதி சொல்லிவிட்டு, மீதியை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களால்தான்.

வாசகம் குறித்து லைட்னர் சொன்னதாக மேலே எழுதியிருப்பது என் அனுபவத்தோடு பொருந்துகிறது. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். வரவேற்கவும் விடைகொடுக்கவும் தரப்படும் வாசகம் காப்பாக உதவுகிறது. "இதையும் சேர்த்துக்கொள்கிறீர்களா, பெரிய அளவாக மாற்றிக்கொள்கிறீர்களா" என்று விற்பனையைக் கூட்டுவதற்குத் தரப்படும் வாசகம் உதவுவதில்லை. வேண்டாம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருப்பவரிடமும் அதை நாங்கள் கேட்டே ஆக வேண்டும். கேட்கிறோமா என்று சோதிப்பதற்கு, வாடிக்கையாளர் போல வேடமிட்டு ஆள் வருவதும் உண்டு. எனவே நாங்கள் அதைக் கேட்கும்போது "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். "நான் கேட்டேனா?" என்று திருப்பிக் கேட்பதால் அந்த விதியை எழுதியவருக்கு எந்த வலியும் இல்லை.

மூன்றாவது ஆள்

எல்லோரும் பணியாளரைப் புரிந்துகொள்ளுங்கள் என்றே எழுதுகிறீர்கள். வாடிக்கையாளருக்கும் குறைகள் இருக்கின்றன. பையை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் கேட்டதில் ஒன்று இல்லை. திரும்பிப் போய்ச் சொன்னால், நான் பொய் சொல்லி இலவசமாக வாங்க வந்தவன் போல என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். முகப்பில் நால்வர் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, எதிரில் நிற்கும் எனக்கு யாரும் முகம் கொடுப்பதில்லை. காத்திருக்கச் சொல்கிறார்கள், எவ்வளவு நேரம், எதற்காக என்று சொல்வதில்லை. வேலைப்பளு இருக்கலாம். "இதோ வந்துவிடுகிறேன்" என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்வதற்கு எத்தனை நொடி வேண்டும்?

ஏட்டுச்சுரை

இந்தக் குறை முழுக்க நியாயமானது; காத்திருத்தலைப் பற்றிச் சிந்தித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். டேவிட் மைஸ்டர் 1985-இல் வரிசைகளின் உளவியல் பற்றி எழுதியபோது, கடிகாரம் காட்டும் நேரமும் மனிதர் உணரும் நேரமும் வேறு என்பதிலிருந்து தொடங்கினார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்ட காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். எப்போது முடியும் என்று தெரியாதது இன்னும் நீளும். தமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் வாங்கிக்கொண்டு போனால், அந்த அநியாய உணர்வு அதைவிடவும் நீட்டும். சேவை தொடங்குவதற்கு முன் நிற்பது, தொடங்கிய பின் நிற்பதைவிட நீண்டதாகத் தெரியும் என்பதும் அவர் சொன்னதே. எனவே முகப்பில் யாரும் நிமிர்ந்து பார்க்காத அந்த நேரம்தான் வாடிக்கையாளரை அதிகம் புண்படுத்துகிறது. ஆர்டரை வாங்கிய பிறகு ஏற்படும் அதே அளவு தாமதத்தை அவர் பொறுத்துக்கொள்வார்.

செயலி வழியாக வரும் ஆர்டர்கள் இதை இன்னும் சிக்கலாக்கியிருக்கின்றன. கடையில் நான்கு பேர் மட்டும் நிற்பதைப் பார்த்து ஒருவர் வரிசையில் சேருகிறார். கண்ணுக்குத் தெரியாத வரிசையொன்று சமையலறைத் திரையில் அவருக்கு முன்னால் நிற்கிறது. டெலிவரிக்கு வந்தவர் பையை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, தமக்குப் பின் வந்தவருக்கு முன்னுரிமை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார். அவரிடம் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை எழாது.

பழைய மேலாளர்

பையில் பொருள் விடுபட்டால் செய்ய வேண்டியதை மூன்றாவது ஆளுக்குச் சொல்கிறேன். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், இயன்றால் சாளரத்தை விட்டு நகர்வதற்கு முன்பே பையைத் திறந்து பாருங்கள், அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகப்பில் நிற்பவரிடம் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், இதற்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பல கடைகளில் பணத்தைத் திருப்பித் தரவோ ரசீதை ரத்து செய்யவோ முகப்புப் பணியாளருக்கு அதிகாரம் இருக்காது. மேலாளரின் அட்டையோ கடவுச்சொல்லோ தேவைப்படும். மேலாளரை அழைக்கிறேன் என்று அவர் சொல்வது தட்டிக்கழிப்பதற்காக அல்ல. அவரால் முடிந்தது அவ்வளவுதான். பையில் பொருளை வைத்தவர் வேறு, பையைக் கட்டியவர் வேறு, உங்கள் எதிரில் நிற்பவர் வேறு. எய்தவன் இருக்க அம்பை நோகும் வழக்கம் இங்கே நாள்தோறும் நடக்கிறது.

சந்தேகப் பார்வை பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க முயன்று, நேர்மையானவர்களைப் புண்படுத்துவது மோசமான வியாபாரம். ஒரு பொருளை மீண்டும் கொடுப்பதால் வரும் இழப்பு, ஒருவர் இனி அந்தக் கடைக்கே வராமல் போவதால் வரும் இழப்பைவிடச் சிறியது. என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பிறகு ரசீதைக் கேட்கும்படி சொல்லியிருந்தேன். இந்த இரண்டும் முன்பின்னாக மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது.

அடுப்படி

எல்லோரும் முகப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் பின்னால் நிற்கிறோம், எங்களை யாரும் பார்ப்பதில்லை. முகப்பில் நடப்பது எங்கள் கைக்கு வந்து சேரும். ஒருவர் கத்திவிட்டுப் போன பிறகு, அடுத்து வரும் ஆர்டர்களில் பிழை கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கத்தியவர் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பின்னால் அமைதியாக நின்றவரின் பையில்தான் ஏதாவது விடுபடும்.

மாற்றங்கள் கேட்பதில் தவறே இல்லை. இது வேண்டாம், அதைக் குறையுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். செய்து முடித்துச் சுற்றிக் கட்டிய பிறகு சொன்னால் அது குப்பைக்குப் போகிறது. ஒவ்வாமை இருந்தால் அதை ஒரு விருப்பம் போலச் சொல்லாதீர்கள், ஒவ்வாமை என்றே சொல்லுங்கள். விருப்பத்துக்காக ஒரு பொருளை எடுத்துவிடுவது ஒரு வேலை. ஒவ்வாமைக்காகக் கையுறையை மாற்றி, வேறு கருவியை எடுத்து, அந்தப் பொருள் படாத இடத்தில் வைத்துச் செய்வது வேறு வேலை. சிலர் விருப்பத்துக்காகவே ஒவ்வாமை என்று பொய் சொல்கிறார்கள். அவர்களால், உண்மையில் ஒவ்வாமை உள்ளவர் சொல்வதையும் அலட்சியமாகக் கேட்கும் மனநிலை உருவாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஏட்டுச்சுரை

அடுப்படி கண்ணால் பார்த்ததைக் கிறிஸ்டீன் பொராத், அமீர் ஈரெஸ் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டார்கள். அவமரியாதையாக நடத்தப்பட்டவர்கள் சொற்புதிர்களை விடுவிப்பதிலும் புதிய யோசனைகள் சொல்வதிலும் பின்தங்கினார்கள். பிறருக்கு உதவும் மனமும் அவர்களிடம் குறைந்தது. பங்கேற்றவர்களை அவமதித்தவர் ஒரு சோதனையில் ஆய்வை நடத்தியவர், இன்னொன்றில் வழியில் எதிர்ப்பட்ட அந்நியர். அப்படியொரு சம்பவத்தைக் கற்பனை செய்து பார்த்தவர்களிடமும் விளைவு தெரிந்தது. கோபத்தால் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தார்கள் என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது. கவனமும் நினைவும் அந்த அவமதிப்பைச் சுற்றியே அலைந்துகொண்டிருந்தன.

செவிக்கருவி

எனக்குக் காது சரியாகக் கேட்காது. இங்கே எழுதப்பட்டவை அனைத்தும் இரு தரப்பும் ஒருவர் பேசுவதை ஒருவர் எளிதாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. துரித உணவகம் இரைச்சலான இடம். எண்ணெய்ச் சட்டியின் மணி, இசை, குழந்தைகள், பின்னாலிருந்து கூப்பிடும் குரல். பணியாளர் திரையைப் பார்த்துக் குனிந்தபடி கேட்கும் கேள்வி எனக்கு வெறும் முணுமுணுப்பு. "என்ன?" என்று இரண்டாம் முறை கேட்டால் குரலில் சலிப்பு வந்துவிடுகிறது, குரல் கேட்காவிட்டாலும் சலிப்பு முகத்தில் தெரியும்.

எனக்குத் தேவையானது புன்னகை அல்ல. தலையை நிமிர்த்தி, உதடு தெரியும்படி, கேள்வியைக் குறுக்கிச் சொன்னால் போதும். முகப்பில் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருந்தால் விரலால் காட்டிவிடுவேன். நாமே தொட்டு ஆர்டர் போடும் தொடுதிரை வந்த பிறகு எனக்கு மிகவும் வசதியாகிவிட்டது, அதை மனிதத் தொடர்பின் அழிவு என்று சிலர் வருந்துவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் என் வயதொத்த நண்பர் ஒருவருக்குக் காது நன்றாகக் கேட்கும், பார்வை மங்கல். எனக்கு உதவிய அதே திரை அவரை வெளியே தள்ளிவிட்டது. திரையின் முன் அவர் திணறுவதைப் பார்த்தும், "அதிலேயே போடுங்கள்" என்று கை காட்டுவதுதான் அங்கே நடந்த மிகப் பெரிய மரியாதைக் குறைவு.

இரவு ஷிஃப்ட்

கடை மூடுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் வருபவர்களைப் பற்றி ஒரு வரி. வரலாம், கடை திறந்திருக்கிறது, உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சில இயந்திரங்களைக் கழற்றிக் கழுவிவிட்டிருப்போம். "இருப்பது எது?" என்று கேட்டு வாங்கிக்கொள்பவரை நாங்கள் மறப்பதில்லை.

நடுநிலை நாடுபவர்

பேச்சு சலிப்பு, அவசரம் என்ற அளவிலேயே நிற்கிறது. வாயில் வந்ததைப் பேசுவதும், பொருளை எறிவதும், இளம் பெண்களிடம் ஆபாசமாகப் பேசுவதும் இந்த வேலையில் நடக்கின்றன. வாடிக்கையாளர் சொல்வதே எப்போதும் சரி என்ற வாசகத்தைச் சிலர் இன்னும் சட்டம் போல எடுத்துக்காட்டுகிறார்கள். ஹாரி செல்ஃப்ரிட்ஜ், மார்ஷல் ஃபீல்ட் போன்ற பெரும் அங்காடி முதலாளிகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த வாசகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. பழுதான பொருளை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் அவரோடு வாதாடாதே என்ற வணிக அறிவுரையாக அதைக் கொள்ளலாம். பணியாளரைத் திட்டுவதற்கு அது உரிமம் தரவில்லை.

உலகம் மெல்ல இதை உணர்ந்துவருகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, வேலையிடத்தில் நிகழும் வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றியது. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மேலதிகாரிகளும் சக ஊழியர்களும் செய்வதோடு நிற்காமல், வாடிக்கையாளர் போன்ற வெளியாட்கள் சம்பந்தப்பட்ட துன்புறுத்தலையும் நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. டோக்கியோ பெருநகர அரசு, வாடிக்கையாளர்கள் பணியாளர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனி விதியொன்றை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. அது 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஜப்பானில் இத்தகைய முதல் விதி அதுதான். மீறுபவருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை.

தண்டனையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், வாங்கிய உணவைப் பணியாளரின் முகத்தில் வீசிய ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதி, இரண்டு மாதங்கள் துரித உணவகம் ஒன்றில் வேலை பார்த்தால் சிறைக்காலத்தில் 60 நாட்களைக் குறைப்பதாகச் சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டார். எனக்கு அது மிகச் சரியான தீர்ப்பாகத் தோன்றியது.

கல்லா ஓரம்

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. செய்தி வெளிவந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்; நீதிபதியின் எண்ணம் நல்லது என்பதையும் மறுக்கவில்லை. நான் தினமும் செய்யும் வேலையை, சிறைக்கு ஈடான ஒன்றாக நீதிமன்றத்தில் எடைபோட்டார்கள். அந்த வேலையைத் தண்டனையாகப் பார்க்கும் கண்ணோட்டம்தானே உணவை முகத்தில் வீசவும் துணிவு கொடுக்கிறது? அந்த இரண்டு மாதங்கள் அவரோடு ஒரே முகப்பில் நிற்க வேண்டியிருந்த பணியாளர்களைப் பற்றி யார் யோசித்தார்கள்?

நடுநிலை நாடுபவர்

நான் அதை வேலையை இழிவுபடுத்துவதாகப் பார்க்கவில்லை. மறுபக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு என்றே பார்த்தேன். உங்கள் கடைசிக் கேள்வியை நான் யோசிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் சிறையில் கழிக்கும் நாட்களால் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை என்பதால், இரண்டில் இதுவே மேல் என்று இன்னும் நினைக்கிறேன்.

பழைய மேலாளர்

இருவரும் நீதிபதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஒருவர் கத்தத் தொடங்கும்போது, அந்தப் பணியாளரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு மேலாளர் முன்னால் வந்து நிற்க வேண்டும். வெளியே போகச் சொல்லும் அதிகாரம் மேலாளருக்கு இருக்கிறது என்பதும், அதைப் பயன்படுத்தினால் நிறுவனம் தம்மைக் கைவிடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டாவது உறுதி கிடையாது. வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பில் பல நிறுவனங்கள் உச்ச மதிப்பெண்ணை மட்டுமே நல்லதாக எண்ணுகின்றன. ஐந்துக்கு நான்கு கொடுத்தவரும் அதிருப்தியாளர் கணக்கிலேயே போய்ச் சேருவார். இதை அறியாமல், "நன்றாகத்தான் இருந்தது" என்று நினைத்து நான்கு போட்டுவிட்டுப் போகும் நல்லவர்களால் எத்தனை பேர் விளக்கம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? அப்படியொரு கணக்கின் கீழ் வேலை பார்க்கும் மேலாளர், கத்துகிறவரை வெளியேற்றமாட்டார்; இலவசக் கூப்பன் கொடுத்து அனுப்புவார். கத்தினால் கூப்பன் கிடைக்கும் என்று அவருக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். அமைதியாகக் குறை சொன்னவருக்கோ ஒன்றும் கிடைப்பதில்லை.

மூன்றாவது ஆள்

இந்தக் கடைசி வரி என் அனுபவத்தை அப்படியே சொல்கிறது. அமைதியாகக் கேட்டபோது பார்வை மட்டுமே கிடைத்தது; பக்கத்தில் நின்று குரல் உயர்த்தியவருக்கு எல்லாம் உடனே வந்தது.

புதிதாய்ச் சேர்ந்தவன்

நான் அண்மையில்தான் முகப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பெரிய விஷயங்களுக்கு நடுவே சிறிய கேள்வி கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியபடியே ஒருவர் முகப்புக்கு வந்து நின்றால் என்ன செய்வது? கேள்வி கேட்டால் கையைக் காட்டி நிறுத்துகிறார். கேட்காமல் நின்றால் பின்னால் இருப்பவர்கள் என்னை முறைக்கிறார்கள்.

பழைய மேலாளர்

"நீங்கள் பேசி முடியுங்கள், அதுவரை அடுத்தவரைக் கவனிக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, உண்மையிலேயே அடுத்தவரைக் கவனியுங்கள். முகத்தில் கடுப்பு வேண்டாம். மறுமுனையில் மருத்துவமனையிலிருந்து யாரேனும் பேசிக்கொண்டிருக்கலாம். அவர் பேசி முடித்ததும், மீண்டும் வரிசையின் கடைசிக்கு அனுப்பாமல் அடுத்த ஆளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு

பின்னால் நிற்பவன் சார்பில் இதை வழிமொழிகிறேன். அப்படி ஒரு பணியாளர் செய்தால், அவர் வரவேற்பு வாசகத்தை முழுதாக ஒப்பித்தாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

கல்லா ஓரம்

எங்கள் கடையில் வரிசையைத் தாண்டி அடுத்தவரை அழைக்க அனுமதி இல்லை. அதனால் நான், செவிக்கருவி சொன்னது போல, அச்சிட்ட பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். பேச்சை நிறுத்தாமலேயே விரலால் காட்டுவார்கள். அளவை விரல் விட்டுக் கேட்டுக்கொள்வேன். மொத்தத் தொகை திரையில் தெரியும். பட்டியல் உங்கள் முகப்பில் இல்லையென்றால் மேலாளரிடம் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.